உடையும் என்று தெரிந்த எண்

செப்டம்பர் 1, திங்கள்

எழுதுவதற்கு மன்னிக்கவும். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை. அண்ணன் வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடக்கிறது. லேப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

கம்ப்யூட்டர் லேப்பின் கடைசி வரிசையில் மூலை மெஷின். ஜூலையிலிருந்து அது ஒரே ஒரு எண்ணைத்தான் மென்றுகொண்டிருக்கிறது. நூற்று அறுபத்தோரு இலக்க எண். என் ஆராய்ச்சி வழிகாட்டி எஸ்தர் மேடம் அமைத்த தொடர் ஒன்றில் வருவது. எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் அது கிடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் என் நான்காம் இயல் முடியும். இயல் முடிந்தால் ஆய்வேடு. ஆய்வேடு முடிந்தால் டாக்டர்.

மெஷினை யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பி.எஸ்சி. பிள்ளைகள் பிராக்டிகலுக்கு வந்து, காலியாக இருக்கும் நாற்காலியில் எல்லாம் உட்கார்ந்துவிடுவார்கள். "இது ஓடிக்கிட்டிருக்கு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது. நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்பா தண்ணீர் லாரி டிரைவர். லாரி ஓட்டுகிறவர் வீட்டிலேயே தண்ணீர் இல்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். மெஷின் ஓடுகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். ஷெட்டில் மற்ற டிரைவர்கள் கேட்கிறார்களாம், உங்க பொண்ணு என்ன படிக்குது என்று. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதவே நேரமானது. வரி மடங்கி மடங்கி வந்தது.

"யாத்தே! இதா ஒரு நம்பரு?"

"ஆமாப்பா, ஒரே நம்பர்."

"இது எதுக்கு ஆகும் தாயி?"

"எதுக்கும் ஆகாதுப்பா. இதை உடைக்கணும்."

"உடைச்சு?"

"உடைச்சா, உடைஞ்சிருச்சுன்னு எழுதணும்."

அப்பா சாம்பாரை விட்டுப் பிசைந்தபடி யோசித்தார். "ரெட்டப்படையா இருந்தா ரெண்டா வகுத்துரலாமே."

"ஒத்தப்படைப்பா."

"மூணால?"

மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றையும் பஸ்ஸில் வரும்போது கையாலேயே போட்டுப் பார்த்திருக்கிறேன். இலக்கங்களைக் கூட்டினால் மூன்றுக்கு விடை தெரிந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் பதினொன்றுக்கு. எதிலும் இல்லை. பல கோடி வரை மெஷினும் பார்த்துவிட்டது.

"அப்ப அது உடையாத நம்பரா இருக்குமோ என்னமோ."

"உடையும்பா. அது நிச்சயம்."

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எண்ணை உடைக்காமலே, அது உடையுமா உடையாதா என்று சோதித்துவிடலாம். பகா எண்ணாக இருந்தால் ஒரு கணக்கில் குறிப்பிட்ட மீதி வந்தே தீர வேண்டும். இந்த எண்ணுக்கு அது வரவில்லை. ஆகவே உடையும். எங்கே உடையும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. ஒருவர் முகத்தைப் பார்த்ததும் இவருக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்று தெரிந்துவிடும், என்ன ஆனது என்று தெரியாது. அப்படித்தான்.

அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஷெட்டில் காட்ட.

செப்டம்பர் 7, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு நேரம்.

"என்ன டாக்டரு, உன் நம்பரு செத்துச்சா?"

"இல்லண்ணே."

"நல்லா அடி. நான் இங்க பவர் டேபிள்ல தைக்கிறப்ப நூலறுந்தா முடிஞ்சு ஓட்டுறேன்ல, அது மாதிரி விடாம ஓட்டு."

அண்ணன் பெயர் செந்தூர்பாண்டி. முப்பத்திரண்டு வயது. அவன் பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் திருப்பூர் போனதால்தான் நான் எம்.எஸ்சி. வரை வந்தேன். கூட வேலை பார்க்கும் ஜோதி மதினியை அவனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. எல்லோருக்கும் சம்மதம். தேதிதான் வைக்கவில்லை. வைக்க மாட்டேன் என்பவன் அவனே.

"பத்திரிகையில 'தங்கை டாக்டர் சண்முகக்கனி'ன்னு வரணும்ட்டி. பெரிய எழுத்துல. அதுக்கப்புறம்தான் பொண்ணு மாப்பிள்ள பேரே. நம்ம வம்சத்துல பேருக்கு முன்னால ஏதாச்சும் போட்டு எவன் அச்சடிச்சிருக்கான்?"

அம்மா போனைப் பிடுங்கி, "இப்பவே எம்.எஸ்சி.ன்னு போட்டா ஆகாதாடா?" என்றாள்.

"அது பேருக்குப் பின்னால வர்றது. எனக்கு முன்னால வேணும்."

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரிக்கிற சிரிப்பை எழுத வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மெஷின் ஓடுகிறது. மேடம் வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நேற்றுப் போட்ட சுடிதாரையே இன்றும் போட்டிருக்கிறேன் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ஜோதி மதினி போனில் பேசினாள். என்னோடு தனியாகப் பேசுவது இதுதான் இரண்டாவது முறை.

"அவசரப்படுத்துறேன்னு நெனக்காதீங்க, கனி. நீங்க படிக்கிறது எனக்கும் பெருமைதான். எங்கப்பாதான் தை, தைன்னுட்டு இருக்காரு. எனக்குப் பின்னால ரெண்டு பேரு இருக்காங்கல்ல."

"சரி மதினி."

"எப்ப முடியும்னு தோராயமா சொன்னாக்கூடப் போதும்."

தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மை. இந்த முறையில் குருட்டாம்போக்கில் ஒரு வளைவரையை எடுக்கிறோம். அதன்மேல் ஒரு புள்ளியை வைத்து, அந்தப் புள்ளியை அதனோடேயே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதிர்ஷ்டமிருந்தால் நடுவில் கணக்கு இடறி ஒரு காரணி வெளியே விழும். விழாவிட்டால் அடுத்த வளைவரை. நாளைக்கே விழலாம், விழாமலும் போகலாம். இதை மதினியிடம் எப்படிச் சொல்வது?

"தீபாவளிக்கு அண்ணன் வர்றப்ப பேசுறேன்" என்றேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

என்னோடு படித்த பேச்சியம்மாள் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறாள். அங்கே ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டாராம். ஆள் கிடைக்கும் வரை ஒரு வாரம் வந்து நில்லேன் என்றாள். மேடத்திடம் போனில் கேட்டேன். சரி என்றார்கள். லேப் அட்டெண்டர் அய்யாத்துரை அண்ணன் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

பின்னங்கள். தூங்கினேன்.

செப்டம்பர் 17, புதன்

பிள்ளைகள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினார்கள். கடலைமிட்டாய் வாங்கி வந்து உடைத்துக் காட்டினேன். அம்மா அதைப் பொட்டலம் போடுகிற கம்பெனியில் வேலை செய்வதால் ஆறு துண்டாகச் சரியாக உடையும் மிட்டாய் எது என்று எனக்குத் தெரியும். கூட்டிப் பார்க்கச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி, "டீச்சர், அப்ப ஒரு துண்டு மிச்சம், அத யாரு தின்பா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நாலரைக்கு மணி அடித்தது. வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மறுபடியும் லேப். மெஷின் நன்றாக ஓடியிருக்கிறது. அய்யாத்துரை அண்ணன், "நான் அது பக்கமே போகல தாயி, தூரத்துல இருந்துதான் பாத்தேன்" என்றார், யாரோ தூளிக் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

மேடம் இன்று உட்கார்ந்து பேசினார்கள். ஆய்வுச் சுருக்கத்தை அக்டோபர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். காரணி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இத்தனை ஆயிரம் வளைவரைகளில் முயன்றும் கிடைக்கவில்லை என்று ஓர் அட்டவணை போட்டால் அதுவும் ஒரு முடிவுதான் என்றார்கள். எத்தனை ஆயிரம் என்ற கணக்கு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷினின் டிஸ்க்கில் எங்கும் பதியவில்லை. நிரலை எழுதும்போது அந்த வரிகளைப் பிறகு சேர்க்கலாம் என்று விட்டிருந்தேன். ஒரு காகிதத்தில் குறித்துவைத்தால்கூட ஆய்வுக் குழு ஒத்துக்கொள்ளாது, கோப்பு வேண்டும்.

ஒரு மணி நேர வேலைதான். நாளைக்குச் செய்துவிடலாம்.

செப்டம்பர் 25, வியாழன்

தலைவலி. அந்த வரிகளை எழுதவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

இன்றும் எழுதவில்லை. அய்யாத்துரை அண்ணன் ஒட்டடை அடிக்கிறார். புதன் ஆயுத பூஜை, வியாழன் காந்தி ஜெயந்தி, இரண்டு நாள் லீவு. அதனால் லேப் பூஜையை நாளைக்கே வைக்கிறார்களாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடம் வேறொரு கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போய்விட்டார்கள். மூன்று மணிக்குப் பூஜை. எல்லா மானிட்டருக்கும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மவுஸுக்கும் வைத்தார்கள். அய்யாத்துரை அண்ணன் செவ்வந்திச் சரத்தை ஒரே நீளமாக வரிசை முழுக்கச் சாத்தினார். பிரின்சிபால் சார் கற்பூரத் தட்டோடு வரிசை வரிசையாக வந்தார். மூலை மெஷினுக்கு முன்னால் நின்று, "இது என்ன இன்னும் ஓடுது?" என்றார்.

அய்யாத்துரை அண்ணன் என்னைத் தேடினார். நான் வாசலருகில் பொரிக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். முன்னால் பிள்ளைகள். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் அவரைப் பார்த்தேன்.

"வருஷத்துல ஒரு நாளாச்சும் அதுகளுக்கு லீவு விடுங்கப்பா" என்றார் பிரின்சிபால். எல்லோரும் சிரித்தார்கள். அய்யாத்துரை அண்ணன் சுவரோரம் போய் மெயினை இறக்கினார்.

சொல்லியிருக்கலாம். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, எல்லோரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் எப்படிக் கத்துவது?

அந்த மெஷினின் ஃபேன் சத்தம் ஜூலையிலிருந்து என் காதில் இருந்திருக்கிறது. அது நின்றபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. பொரியில் கடலை நிறையப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து படுத்தவளை அம்மா சாப்பிடக்கூட எழுப்பவில்லை.

அக்டோபர் 1, புதன்

அப்பா லாரியைக் கழுவி, பூசணிக்காய் உடைத்தார். நான் தூங்கினேன்.

அக்டோபர் 2, வியாழன்

தூங்கினேன். மத்தியானம் எழுந்து அம்மாவோடு முருங்கைக்கீரை உருவினேன். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். கேட்க நன்றாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

மேடம் நேராக மூலை மெஷினுக்கு வந்தார்கள். சந்தனப் பொட்டை விரலால் சுரண்டிக்கொண்டே நின்றார்கள்.

"நீ அங்கதான இருந்த?"

"ஆமா மேடம்."

"சொல்லியிருக்கலாமே."

"பிரின்சிபால் சார் கற்பூரம் காட்டிட்டிருந்தாங்க மேடம்."

"சரி. கணக்காச்சும் சேவ் ஆகியிருக்கா?"

"இல்ல மேடம்."

மேடம் கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "எம் பொண்ணா இருந்தா ஒரு அறை விட்டிருப்பேன். நீ ஏன்மா வாயே தொறக்க மாட்டேங்குற?" என்றார்கள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அய்யாத்துரை அண்ணன் அழுதேவிட்டார். "பாவி நானு. ஒரு பொம்பளப் புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே."

"ஒண்ணும் போகலண்ணே. நிஜமா."

"எனக்காகச் சொல்லாத."

அவருக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவரையும் தனி. ஒன்றில் தோற்றது அடுத்ததற்கு எந்த உதவியும் செய்வதில்லை. எண்ணைப் பொறுத்தவரை ஜூலையிலும் முதல் நாள், இன்றும் முதல் நாள். அணைத்ததால் எதுவும் போகவில்லை, ஏனென்றால் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. அட்டவணையில் போட இருந்த ஓர் எண்ணிக்கை மட்டும்தான் போனது. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், அவருக்கு ஆறுதலாகச் சொல்லத் தொடங்கியது அப்படி முடியவில்லை.

சேமிக்கும் வரிகளை எழுதி, திரும்ப ஓடவிட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

விழுந்துவிட்டது.

பதினொன்றரை இருக்கும். இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பிராக்டிகல். பக்கத்து மெஷினில் ஒருத்தி, "அக்கா, இது நிக்கவே மாட்டேங்குது, எப்படி நிறுத்துறது?" என்று கேட்டாள். அவள் நிரலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் திரையில் ஓட்டம் நின்றிருந்தது. கடைசி வரியில் ஓர் எண். முப்பத்தெட்டு இலக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை. பெரிய எண்ணை அதனால் வகுத்தேன். மீதி பூஜ்யம். இன்னொரு முறை வகுத்தேன். பூஜ்யம். நூற்று அறுபத்தோரு இலக்கத்துக்குள் இத்தனை நாள் இது இருந்திருக்கிறது, எல்லா நாளும் இதே எண்ணாக, நான் கஞ்சி குடித்தபோதும் பஸ்ஸில் நின்றபோதும். சந்தோஷமாகத்தான் இருந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

மேடம் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மூச்சு வாங்கியது. என்னைக் கட்டிக்கொண்டார்கள். பின்னால் அய்யாத்துரை அண்ணன்.

"பாத்தீங்களாம்மா? சந்தனம் வெச்ச கையோட சரஸ்வதி உடைச்சுக் குடுத்துட்டா. மூணு மாசம் பூஜ போடாம ஓட்டினீங்க, வந்துச்சா?"

"எந்தச் சாமி உடைச்சாலும் சரிண்ணே, பேப்பர்ல எம் பேரும் இவ பேரும்தான் போடுவோம்" என்றார்கள் மேடம்.

"தாராளமா போடுங்க. அணைச்சது யாருன்னு மட்டும் எழுதிராதீங்க."

சாயங்காலம் அப்பா ஷெட்டுக்கே போன் செய்துவிட்டார். அண்ணனுக்கு நான் போன் செய்தேன். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்: "அப்ப முடிஞ்சிருச்சா? பத்திரிகைக்குச் சொல்லிரட்டா?"

"இன்னொரு பாதி இருக்குண்ணே. அதைப் பாக்கணும்."

"பாதி போனா மீதி வராதாட்டி? பாரு, பாரு."

அக்டோபர் 8, புதன்

முப்பத்தெட்டு இலக்கக் காரணி பகா எண். அதற்கு மேல் உடையாது. அதைக் கொண்டு வகுத்ததில் மிஞ்சியது நூற்று இருபத்து நான்கு இலக்கம். அதைச் சோதித்தேன். வர வேண்டிய மீதி வரவில்லை.

அதுவும் உடையும். எங்கே என்று தெரியாது.

மேடத்தின் கண் பளபளத்தது. "முழுசா உடைச்சாத்தான் இயல் முழுசு. இதை அரைகுறையா குடுக்கக் கூடாது, கனி. பல்கலைக்கழகத்துக்கு நீட்டிப்பு எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடுறேன். ஒரு வருஷம் கூடப் போனா என்ன? உனக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு மேடம்."

"அப்புறம் என்ன? எனக்கு இதெல்லாம் கெடைச்சப்ப நாப்பது."

"சரி மேடம்" என்றேன்.

புது எண்ணை ஓடவிட்டேன். ஃபேன் சத்தம்.

அக்டோபர் 10, வெள்ளி

அம்மா தலை வாரிவிட்டாள். சீப்பிலிருந்து உருவிய முடியைச் சுருட்டி, எனக்குத் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். கண்ணாடியில் தெரிந்தது.

"கண்ணுக்குக் கீழ கரி பூசினாப்ல இருக்கு. இன்னும் எம்புட்டு இருக்கு தாயி?"

"ஒரு வருஷம்னாங்க."

"ம்." கொஞ்ச நேரம் சிக்கெடுத்தாள். "இது போதும்னு அந்த மேடத்துக்கிட்ட கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம்."

"கேட்டா குடுப்பாங்களா?"

கொடுத்தாலும் கொடுப்பார்கள். மேடம் நல்லவர்கள். அழுதுகொண்டு நின்றால் கிடைத்ததை வைத்து முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்படியே நடந்தது என்று வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். ஐந்தாம் இயல் எழுதுகிறேன், வாய்மொழித் தேர்வில் நிற்கிறேன், பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வருகிறது. எல்லாவற்றையும் வரிசையாக நினைத்தேன். எங்கும் சந்தோஷம் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. "பின்னலைக் கொஞ்சம் தளர்த்திப் போடும்மா" என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

பேச்சியம்மாள் போன் செய்தாள். பிரசவத்துக்குப் போன டீச்சர் இனி வரமாட்டாராம். பிள்ளைகள் கடலைமிட்டாய் டீச்சர் எப்போது வருவார் என்று கேட்கிறார்களாம். தாளாளர் அம்மா, பி.எட். தபாலில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"டாக்டருக்குப் படிக்கிறவகிட்ட ஆறாங்கிளாசுக்கு வான்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத" என்றாள்.

வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். யாரிடமும் கேட்கவில்லை. நீட்டிப்பு விண்ணப்பம் பைக்குள் இருக்கிறது. பெயர் மட்டும் நிரப்பியிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

ஜோதி மதினி. முதலில் தீபாவளிச் சேலையின் நிறம் கேட்டாள். பிறகு சேதிக்கு வந்தாள்.

"உங்கண்ணன் இன்னொரு வருஷம்னு சொல்லிட்டாரு, கனி. எங்கப்பா தையத் தாண்டாதுன்னுட்டாரு. ரெண்டு பேருமே எங்கிட்டதான் சொல்றாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டேங்குறாங்க."

"மதினி, நீங்க அழுறீங்களா?"

"இல்ல, சளி."

அக்டோபர் 17, வெள்ளி

மெஷின் ஓடுகிறது. மேடம் விண்ணப்பத்தைக் கேட்டார்கள். தீபாவளி முடிந்து தருகிறேன் என்றேன். அம்மா அதிரசத்துக்குப் பாகு வைத்தாள், பதம் தப்பிவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. திருப்பூர் பஸ் விடியலிலேயே வர வேண்டியது, கூட்டத்தில் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. அப்பாவுக்கு இன்றைக்கும் லோடு இருந்ததால் அண்ணனைக் கூட்டிவர நான் டி.வி.எஸ்.ஸில் போனேன்.

ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வந்திருக்கிறான். கால் வீங்கியிருந்தது. தோளில் இரண்டு பை. என்னைப் பார்த்ததும் பஸ் ஸ்டாண்டே திரும்புகிற மாதிரி, "வழி விடுங்கப்பா, டாக்டரம்மா வந்திருக்காங்க" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிட்டே வந்தவன் சத்தத்தைக் குறைத்தான். "என்னட்டி இப்பிடிப் போயிட்ட?"

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் வடையைப் பிய்த்து எனக்கு வைத்துவிட்டு, அவனாகவே பேச ஆரம்பித்தான். "ஜோதி அப்பன் முறுக்கிக்கிட்டு நிக்கிறான். கெடக்குறான். ஒரு வருஷம்தான? நீ அதையெல்லாம் மண்டையில போட்டுக்காத. நீ பாட்டுக்கு உடை."

எதிரில் ஓர் அம்மா குழந்தைக்குப் புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக இருந்தது. மறுபடியும் கழற்றிப் பைக்குள் வைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, எனக்குப் போதும்."

"ஒரு வடைகூட முழுசா திங்கல, அதுக்குள்ள என்ன போதும்?"

"படிப்பு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"உடைஞ்சிருச்சுன்னு சொன்னியே."

"உடைஞ்சதுல ஒரு துண்டு இன்னும் பெருசா கெடக்கு. அதையும் உடைக்கணும்."

"ரொம்பக் கஷ்டமா?"

"கஷ்டமில்லண்ணே. கணக்கு எனக்குப் புடிக்கும், இப்பவும் புடிக்கும். ஆனா அசந்துட்டேன். தூங்கினா எந்திரிக்கப் புடிக்கல. பூஜைக்கு மெஷின அணைச்சாங்கல்ல, நான் அங்கதான் நின்னேன். அணைக்காதீங்கன்னு சொல்லல."

"பயந்திருப்ப."

"அப்பிடித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். அவனுடைய கட்டைவிரலில் ஊசி ஏறிய தழும்பு இருக்கிறது. அதை இன்னொரு விரலால் தேய்த்தான்.

"கம்பெனியில எல்லாப் பயலுகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே. போன்லகூட உன் பேரு டாக்டர்னுதான் இருக்கு."

"தெரியும்ணே."

"உனக்காகத்தான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்ட்டி." குரல் இறங்கியிருந்தது. "எனக்காகவும்தான் போல."

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவன் சொன்னது சரி. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

"அப்ப என்ன செய்வ?"

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். ஆறாம் வகுப்பு என்றதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் மிட்டாயை உடைத்ததையும், மிச்சத் துண்டை யார் தின்பது என்று அந்தப் பிள்ளை கேட்டதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் நான் சொன்னதைக் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு தின்னா?" என்றான் கடைசியில்.

"நான்தான்."

அவனும் சிரித்தான். முழுச் சிரிப்பு இல்லை. எழுந்து, வீங்கிய காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டுப் பைகளைத் தோளில் போட்டான். நான் சொன்னதற்கு அவன் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. வண்டிச் சாவிக்காகக் கையை நீட்டினான்.

சாவியைக் கொடுக்காமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இவ்வளவு பேசியது இதற்குத்தான். இதைக் கேட்காமல் வீட்டுக்குப் போனால் நாளைக்கு அப்பா ஷெட்டு ஆட்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்து, அடுத்த வருஷம் டாக்டர் என்று சொல்லிவிடுவார். அப்புறம் என்னால் முடியாது.

"தையிலயே கல்யாணத்த வெச்சுக்கோண்ணே" என்றேன். "நான் படிப்ப விடுறத மட்டும் அப்பாகிட்ட நீ சொல்லிரு. இன்னைக்கே."